மாலை போட்ட மலேசிய வேன்

புதிதாக மோட்டார் வாகன ஆய்வாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மாலைக் கதை தெரிந்திருக்கும். பயிற்சியில் மேடம் சொல்லியிருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வேனுக்கு பிரேக் சரியில்லை என்று எழுதிவிட்டு ஓர் ஆய்வாளர் அசடு வழிந்த கதை. எல்லோரும் சிரித்திருப்பீர்கள். நானும் ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அந்தக் கதையில் இரண்டு இடங்கள் தவறு. அவற்றைச் சரிசெய்ய என்னால் மட்டும்தான் முடியும் என்பதால், ஓய்வுபெற்று ஒரு வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு மேடத்தின் மேல் பொறாமை. கொஞ்சநஞ்சமல்ல, இருபது வருடப் பொறாமை.

நாங்கள் இருவரும் ஒரே தேர்வு எழுதி, ஒரே வாரத்தில் பணியில் சேர்ந்தவர்கள். தரவரிசையில் நான் அவருக்கு இரண்டு இடம் முன்னால். இதை நான் சொல்லாத ஆள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. அவர் செங்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே டிராக்டர் ஓட்டியவர். நான் புத்தகத்தில் படித்ததை அவர் கையில் கிரீஸோடு படித்திருந்தார். அது எனக்கு நியாயமாகவே படவில்லை. வண்டி வாங்க வசதியில்லாத வீட்டில் பிறந்தவன் நான். எனக்கு முதலில் கிடைத்த ஸ்டியரிங், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஓட்டைக் காருடையது.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பள்ளிப் பேருந்தை நான் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, தகுதிச் சான்று கொடுத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். மேடம் அந்தப் பக்கமாக வந்தவர், ஓட்டுநரை அழைத்துக் கடைசி இருக்கையில் உட்காரச் சொன்னார். தானே பேருந்தை எடுத்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வேகத்தடையில் ஏற்றி இறக்கினார். பின்னாலிருந்து ஓட்டுநர் கத்தினார். "மேடம், கீழ இன்னாவோ தூக்கித் தூக்கி அடிக்குது." ஐந்து வருடமாக அந்தப் பேருந்தை ஓட்டியவர் ஒரு நாளும் கடைசி இருக்கையில் உட்கார்ந்ததில்லை. குனிந்து பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு போல்ட் பாதி அறுந்திருந்தது. நான் பேனாவை மூடினேன். மேடம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வாசலில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மேடம் இருக்காங்களா?" என் மனைவிகூட ஸ்கூட்டரில் ஏதாவது சத்தம் வந்தால், "உங்க ஆபீஸ் மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்" என்பாள். அதே வேலையைத்தான் நானும் பார்க்கிறேன் என்பது அவளுக்கு ஞாபகத்துக்கே வராது.

இனி வேன்.

அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஏழுமலை என்பவர் மலேசியாவில் பல வருடம் உணவகம் நடத்திவிட்டு, குடும்பத்தோடு ஊர் திரும்பியிருந்தார். திரும்பும்போது அங்கே ஓட்டிக்கொண்டிருந்த வேனையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்தது, வலது பக்க ஸ்டியரிங், மூன்று வயதுகூட ஆகவில்லை. பின்கதவைத் திறந்தால் ஒரு சாய்வுப் பலகை கீழே இறங்கும். அவருடைய மகள் கோமதி தன் சக்கர நாற்காலியோடு அதில் தானே ஏறி, தானே இறங்குவாள். வேனைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். துறைமுகத்தில் அந்த வேனுக்காக அவர் நடந்த நடை தனிக் கதை, அது இங்கே வேண்டாம். எல்லாத் தாள்களையும் முடித்து, கடைசியாக எங்கள் கையெழுத்துக்கு வந்து நின்றார். நாங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்து, பாதுகாப்பானது என்று எழுதினால்தான் பதிவெண் கிடைக்கும்.

அன்று வியாழக்கிழமை. தற்காலிகப் பதிவு மறுநாளோடு முடிகிறது. திங்கட்கிழமை கோமதி வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர வேண்டும், அதுதான் கடைசி நாள். தேர்வு எழுதி வாங்கிய வேலை. அவளுடைய நாற்காலி பேட்டரியில் ஓடுவது. இரண்டு நெல் மூட்டை எடை இருக்கும், எந்த ஆட்டோவிலும் ஏறாது. இதையெல்லாம் ஏழுமலை என்னிடம் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் அவர் சொன்ன முதல் வார்த்தை வேறு.

"மேடம் இல்லீங்களா சார்?"

மேடம் அன்று செங்கத்தில் ஓட்டுநர் உரிம முகாமுக்குப் போயிருந்தார். நாளைக்கு வருவார், வேண்டுமானால் நாளை வாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த மாதிரி வேனை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. தெரியாது என்று சொல்வதில் ஒன்றும் குறைந்துபோயிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த தரவரிசை எழுந்து நின்றுவிட்டது.

"நான் பாக்கக்கூடாதா?" என்றேன்.

"ஐயோ, அப்படி இல்லீங்க சார். நீங்களே பாருங்க" என்று சாவியை நீட்டினார்.

வேன் வழக்கம்போல் கோயில் வாசலில் நின்றுவிட்டுத்தான் வந்திருந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. ஆய்வுக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நேராக எங்களிடம் வரும். விளக்கில் சந்தனம், கண்ணாடியில் குங்குமம், முன்னால் மாலை. மாலையைக் கழற்றுங்கள் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. சொன்னால் வண்டிக்காரர்கள் முகம் வாடிவிடும். அப்படியே ஓட்டிப் பார்ப்போம், அப்படியே எழுதுவோம். இந்த வேனிலும் முழு நீளத்துக்குச் சம்பங்கி மாலை. பம்பருக்குக் கீழ்வரை தொங்கியது.

நான் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினேன். பத்தடி போயிருக்கும், ஒரு பீப் சத்தம் கேட்டது. நான் காலை வைக்காமலே வேன் பிரேக் போட்டு நின்றது. என் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. மூன்றாவது முறை நின்றபோது, வாசலில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் தரகர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மேடம் இருந்திருந்தால் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இறங்கினேன். "பிரேக் தானா பிடிக்குது. ஃபால்ட். சரி பண்ணிட்டு கொண்டாங்க."

ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்க சார் சரி பண்றது? இந்த வண்டிக்கு இங்க ஆளே இல்லயே."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

பின்னால் நாற்காலியில் இருந்த கோமதி பேசினாள். இருபத்தாறு வயது இருக்கும். குரலில் கெஞ்சல் துளியும் இல்லை.

"சார், ஒரு விஷயம். வீட்லேர்ந்து கோயில் வரைக்கும் நல்லா வந்துச்சு. கோயில்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள நாலு தடவ நின்னுச்சு. அப்பா ஆட்டோ குறுக்க வருதுனு நெனச்சாரு. பூஜைக்கு முன்னாடி நிக்கவே இல்ல சார்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் நோயைச் சொல்ல முடியாது. நான் கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. "பூஜ போட்டா பிரேக் கெட்டுப்போவுமாம்மா?" என்று கேட்டு, சுற்றி இருந்தவர்களைப் பார்த்தேன். இந்த முறை அவர்கள் என் பக்கம் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவள் விடவில்லை. "திங்கக்கிழம நான் ஜாயின் பண்ணணும் சார். என்னைத் தூக்கிட்டுப் போய் வைக்க நாலு பேரு ரெடியா இருக்காங்க. எனக்கு அது வேணாம். மொத நாளே தூக்கிட்டு வந்து வெச்ச பொண்ணுனு ஆயிட்டா, கடைசி வரைக்கும் அந்த ஆபீஸ்ல நான் அதுதான்."

நான் உள்ளே போய், 'பிரேக் தன்னிச்சையாக இயங்குகிறது, தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கவனமாகப் படியுங்கள். என் மேஜை ஜன்னலோரம். ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசற்கதவு தெரியும். ஏழுமலை வேனுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, "பாஸ் ஆவாத வண்டிக்கு மால ஒரு கேடா" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, மாலையைக் கழற்றி வாசலில் இருந்த வேப்பமரக் கிளையில் மாட்டினார். வண்டியை எடுத்தார். பின்னால் வந்தார், முன்னால் போனார், திருப்பினார், வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினார். ஒரு இடத்திலும் பீப் இல்லை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வெளியே போனது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பம்பரில் சட்டைப் பொத்தான் அளவில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களைப் பார்த்திருந்தேன். அவை எதிரில் ஏதாவது மிக அருகில் இருக்கிறதா என்று பார்க்கும் கண்கள். மெதுவாகப் போகும்போது எதிரில் சுவரோ ஆளோ இருந்தால், ஓட்டுபவர் கவனிக்காவிட்டாலும் வேனே பிரேக் போடும். மாலை ஆடி அந்தக் கண்களின் முன்னால் வந்திருக்கிறது. வேன் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. சரியாக வேலை செய்யாதது நான்.

ஃபைல் என் மேஜையில்தான் இருந்தது, மேலே போகவில்லை. ஜன்னலிலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. ஏன் என்று உங்களிடம் மறைத்துப் பயனில்லை. கூப்பிட்டால் சாயந்தரத்துக்குள் வாசல் டீக்கடை முழுக்க அந்தக் கதைதான். நாளைக் காலை மேடம் வந்து இறங்கும்போது முதலில் அவர் காதில் அதுதான் விழும். தப்பாக எழுதியது எனக்கு அவ்வளவு உறுத்தவில்லை. அவர் அதைத் தெரிந்துகொள்வார் என்பதுதான் தாங்கவில்லை. ஒரு பெண்ணின் திங்கட்கிழமையை ஒரு தட்டில் வைத்து, என் வயிற்றெரிச்சலை இன்னொரு தட்டில் வைத்தேன். வயிற்றெரிச்சல்தான் கனமாக இருந்தது. தெரியாமல் செய்தது ஒரு நிமிடத் தப்பு. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தது மறுநாள் காலை வரை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது வேன் மறுபடி வாசலில் நின்றது. மேடமும் வந்துவிட்டிருந்தார். ஏழுமலை அவரிடம், முந்தைய நாள் ஊரில் உள்ள பட்டறை எல்லாம் ஏறி இறங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்கேர்ந்து போனப்புறம் ஒரு எடத்துலயும் நிக்கல மேடம், ஆனா ஃபால்ட்னு எழுதிட்டாங்களே. ஒரு மெக்கானிக்கு பம்பரக் கழட்டி, அந்த ஒயர கட் பண்ணி விட்டுட்டா பிரேக் தானா பிடிக்காது, பாஸ் ஆயிடும்னாரு மேடம். நான் சரின்னுட்டேன். பொண்ணுதான் கூடவே கூடாதுன்னுடுச்சு."

நல்ல பிரேக்கைக் கெட்டது என்று நான் எழுதியதால், அந்த மனிதர் அதை நிஜமாகவே கெடுக்கப் போயிருக்கிறார். ஒயரை அறுத்துக் கொண்டுவந்திருந்தால், நான் இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு பாஸ் போட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். தவறான தள்ளுபடி யாரையும் கொல்லாது என்று நீங்கள் நினைக்கலாம். பயந்துபோன மனிதர் பட்டறையில் என்ன செய்யச் சம்மதிப்பார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் என் குறிப்பைப் படித்தார். பிறகு கோமதியிடம் போய்க் குனிந்து, "நேத்து வீட்ல கெளம்பினதுலேர்ந்து சொல்லும்மா" என்றார். அவள் என்னிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னாள். மேடம் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு வேனின் முன்பக்கத்தைப் பார்த்தார், பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். நேராகப் போய், வாடிப்போன அந்தச் சம்பங்கி மாலையை எடுத்துவந்து தானே வேனில் கட்டினார்.

"சார், குறை குறிச்சது நீங்க. சரியாயிடுச்சானு பாக்கவேண்டியதும் நீங்கதான். மாலையோட ஒரு தடவ, மாலை இல்லாம ஒரு தடவ ஓட்டிப் பாருங்க" என்றார்.

மாலையோடு ஓட்டினேன், பத்தடியில் நின்றது. கழற்றிவிட்டு ஓட்டினேன், நிற்கவே இல்லை. பிறகு வெளியே சாலையில் கொண்டுபோய், என் காலால் அழுத்தமாகப் பிரேக் போட்டுப் பார்த்தேன். கோடு போட்டதுபோல் நேராக நின்றது. திரும்பி வந்தபோது தரகர் உட்பட யாரும் சிரிக்கவில்லை. மேடம் எல்லோரிடமும், "இந்த மாதிரி வண்டி இங்க யாரு பாத்திருக்கோம், நானா இருந்தாலும் இதான் எழுதியிருப்பேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

பொய். அவர் எழுதியிருக்க மாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தகுதியானது என்று கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன். ஏழுமலை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கோமதி என்னைப் பார்த்து, "நேத்தே தெரிஞ்சிருந்தா அப்பா ஒரு வாய் சாப்ட்ருப்பாரு சார்" என்றாள். குத்திக்காட்டும் குரல் இல்லை, வெறுமனே நடந்ததைச் சொன்னாள். நேற்றே தெரிந்தவன் அவள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான். "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஒரு வேலையும் இல்லாமல் கலெக்டர் அலுவலகம் பக்கம் போனேன். அந்தப் பெண் வேனிலிருந்து தானே இறங்கி, தானே சாய்வுப் பாதையில் ஏறிப் போவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். இறங்கினாள், ஏறினாள், யாரும் தூக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னாலேயே மேடம் அங்கே வந்து, ஏழுமலையோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு வேலையும் இல்லாமல்தான் வந்திருப்பார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நல்ல காரியத்தில்கூட அவருக்குப் பின்னால்தான் நான் நிற்க வேண்டியிருந்தது.

இனி அந்த இரண்டு தவறுகள்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், புதியவர்களுக்கான பயிற்சிக்கு மேடம் பேச வந்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவருக்கு அது தெரியாது. மாலைக் கதையை ஆரம்பித்தார். "ஒரு தடவ மலேசியாலேர்ந்து ஒரு வேன் வந்துச்சு. பத்தடி போனதும் தானா நின்னுச்சு. பிரேக் ஃபால்ட்னு நான் எழுதிட்டேன்" என்றார்.

நான் எழுதிட்டேன் என்றார். நெற்றி ஸ்டியரிங்கில் இடித்ததைக்கூடத் தன் நெற்றியாகவே சொன்னார். அந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்காத முட்டாள் தான்தான் என்றார். கூட்டம் சிரித்தது. முடிவில் எல்லோரும் கைதட்டினார்கள். தன் தவறைத் தானே இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் அதிகாரியை இதுவரை பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் என்னிடமே சொன்னார்.

அவர் அந்தப் பாடத்தை உங்களுக்குச் சொல்ல நினைத்தார், என் பெயரைக் கெடுக்காமல் சொல்ல வேறு வழி தெரியவில்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நியாயமாக எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. இருபது வருடத்தில் என்னிடம் இருந்த எதையும் அவர் தொட்டதில்லை. கடைசியில் என் முட்டாள்தனத்தை எடுத்துக்கொண்டார், அதுவும் என்னைவிட அவருக்கு நன்றாகப் பொருந்தியது.

ஆகவே முதல் திருத்தம்: அந்த ஆய்வாளர் அவர் அல்ல, நான்.

இரண்டாவது திருத்தம், அவர் கதையில் ஜன்னல் கிடையாது. அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் விட்டிருக்கலாம். என் மேஜையிலிருந்து வாசல் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது பக்கத்து மேஜையில் பதினோரு வருடம் இருந்தவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஜன்னலை மட்டும் அவரால் தன்னுடையதாக்கிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் அவர் இருந்திருந்தால் குரல் கொடுத்திருப்பார்.

அதனால் அது என்னிடமே இருக்கிறது. நீங்கள் ஒரு வண்டியைத் தள்ளுபடி செய்துவிட்டு மேஜைக்குத் திரும்பும்போது, ஒருமுறை ஜன்னல் வழியாகப் பாருங்கள். அது வெளியே போகிற விதம் நீங்கள் எழுதியதற்கு மாறாக இருந்தால், எழுந்து போய்க் கூப்பிடுங்கள். யார் சிரித்தாலும் கூப்பிடுங்கள். இதை மேடம் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான்தான் சொல்கிறேன்.